குளத்தில் இறங்கிய டிரைவர்

என் அண்ணி அந்த மலை விடுதிக்கு எத்தனை தடவை போயிருப்பாள் என்பது அவளுக்கே நினைவில்லை. ஆனால் ஒரு தடவைகூட அங்கே தங்கியதில்லை. படுத்திருக்கிறாள், சாப்பிட்டிருக்கிறாள், மழை விடும்வரை உட்கார்ந்திருக்கிறாள். தங்குவது என்பது வேறு. தங்குகிறவர்களுக்கு அறைச் சாவியும் ஆளுக்கொரு நீலத் துண்டும் கொடுப்பார்கள். டிரைவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அண்ணி வேன் ஓட்டுகிறவள். பன்னிரண்டு பேர் உட்காரும் வெள்ளை வேன். அதை வாங்கியது என் அண்ணன். மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஒரு வரும்படி இருக்கட்டும் என்று வாங்கி, ஓட்டுவதற்கு ஓர் ஆளையும் வைத்தான். அந்த ஆள் ஒரு திங்கட்கிழமை காலை சாவியை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனவர், போனவர்தான். அன்றைக்கு ஒரு குடும்பத்தை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். அண்ணன் வியர்க்க வியர்க்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணி கொண்டையை இறுக்கிக்கொண்டு சாவியை எடுத்தாள்.

"எங்க போற?"

"விமானத்துக்கு நேரமாச்சு. நீங்க போன் பேசி முடிங்க. நான் விட்டுட்டு வந்துடறேன்."

அன்று ஆரம்பித்ததுதான். பிறகு ஆள் தேடும் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

மலைப் பாதையில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. கீழிருந்து உச்சி வரை இரண்டாவது கியரிலேயே ஏறுவாள். பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்கிப் பிய்த்தாலும் சரி, அவள் வேகம் அவளுடையதுதான். மற்ற டிரைவர்கள் கிண்டலுக்கு 'செகண்ட் கியர் அக்கா' என்று வைத்தார்கள். அண்ணி ஒரு பெயிண்டரைப் பிடித்து வேனின் பின்பக்கம் 'செகண்ட் கியர்' என்று பெரிதாக எழுத வைத்துவிட்டாள். அதற்கு அப்புறம் கிண்டல் செய்ய அவர்களுக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவள் வண்டியில் ஏறியவர்கள் யாரும் வளைவுகளில் வாந்தி எடுத்ததில்லை என்பது இன்னொரு விஷயம். ஆட்கள் அவளையே கேட்டு வருவதற்கு அதுதான் காரணம்.

அந்த விடுதி சின்னதுதான். சரிவில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரே வரிசையில் அறைகள், நடுவே சாப்பாட்டுக் கூடம், கொஞ்சம் கீழே சமதளமாக வெட்டிய இடத்தில் நீச்சல் குளம். வண்டி நிறுத்துமிடத்துக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு வேலிச்செடி வரிசை. அதன் ஓரத்தில் ஒரு பலகை: ஆழம் இவ்வளவு, ஓடக்கூடாது, கண்ணாடிப் பாட்டில் கூடாது. கடைசி வரி, வாகன ஓட்டுநர்கள் குளத்தில் இறங்க அனுமதி இல்லை.

மற்ற டிரைவர்கள் அந்த வரியைக் கண்டுகொண்டதே கிடையாது. அந்தக் குளிரில் யார் இறங்குவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அண்ணி நீச்சல் குளத்தில் வளர்ந்தவள். அவள் அப்பா நகரத்துப் பொதுக் குளத்தில் பம்ப் இயக்குகிற வேலையில் இருந்தார். காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் அந்த நீளமான குளம் முழுக்க இவள் ஒருத்திக்குத்தான். பள்ளிப் பருவம் முழுவதும் அப்படி நீந்தியிருக்கிறாள். கல்யாணம், மகள், வேன் என்று ஆன பிறகு தண்ணீரில் இறங்கவே இல்லை. நேரமில்லை என்பாள். பயணிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலிச்செடி இடுக்கு வழியாக அந்த மலைக் குளத்தை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இடுப்பளவு தண்ணியில நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. அவ்வளவுதான். ஒருத்தராவது இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போகணுமே. எனக்கு அங்க உக்காந்து பாத்தாலே தோள் அரிக்குது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

நான் மூன்று வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, வீட்டில் உட்கார முடியவில்லை. பையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். எங்கேயாவது இரண்டு நாள் போய்வரலாம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டே, "நான் ஒரு இடம் சொல்றேன். போறோம், தங்கறோம். நான் வண்டி ஓட்டறேன், ஆனா டிரைவரா வரல. புரியுதா?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போய் அலமாரியின் அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக்காட்டினாள். கறுப்பு நீச்சல் உடை, முழுக் கையும் முழுக் காலும் வைத்தது. பாக்கெட் இன்னும் பிரிக்கப்படவில்லை. எப்போது வாங்கியது என்று கேட்டேன். "இருக்கும், ரொம்ப நாள்" என்றாள்.

அறை பதிவு செய்யும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். அங்கேதான் பிசகு நடந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிறுத்துமிடத்தில் ஒரு சிவப்புப் பஸ் நின்றது. ஏதோ அலுவலகத்து ஆட்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அண்ணி வேனைத் திருப்பி, மூக்கு வாசலைப் பார்க்கும்படி சுவர் ஓரமாக நிறுத்தினாள். அது அவள் பழக்கம். மேனேஜர் படியிறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். என் கையில் அறைச் சாவியைக் கொடுத்தார். மூன்று நீலத் துண்டுகளைக் கொடுத்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "வாம்மா. உனக்கு எப்பவும் போல ஸ்டோர் ரூம் கட்டில்தான். முதல்ல கிச்சன்ல போய் சாப்பிட்டுடு, சூடா இருக்கு" என்றார்.

டிரைவர்களுக்குப் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அருகில், ஓர் அறை உண்டு. ஆண்கள் அதில் படுப்பார்கள். அண்ணி மட்டும்தான் பெண் என்பதால் துண்டும் போர்வையும் அடுக்கிவைக்கிற ஸ்டோர் ரூமில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். மரியாதையாகத்தான் போட்டிருந்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சார், நான் இன்னைக்கு டிரைவர் இல்ல. தங்க வந்திருக்கேன்" என்றாள் அண்ணி.

"மூணு பேர் தங்கறாங்க, கூட டிரைவர்னுதான போன்ல சொன்னாங்க?"

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் எதிர் மலையைப் பார்த்தான்.

"ஏங்க."

"டிரைவர் வராங்களான்னு கேட்டாங்கம்மா. வராங்கன்னேன். பொய்யா சொன்னேன்? வண்டிய யாரு ஓட்டறது, நீதான?"

"அப்படியா."

"டிரைவருக்கு சாப்பாடு, படுக்கை எல்லாம் ஃப்ரீன்னாங்க. கிடைக்கறத எதுக்கு விடணும்னு..."

"அப்பா மாட்டிக்கிட்டாரு" என்று எட்டு வயது மகள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

அண்ணி கோபப்படவில்லை. கோபப்படுகிற நேரத்தில் அவள் குரல் இன்னும் இறங்கும். நாலாவது ஆளாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். மேனேஜர் கையை விரித்தார். எல்லா அறைகளும் நிரம்பிவிட்டன. எங்கள் அறையில் மூன்று கட்டில். ஆளுக்கொரு கட்டில் இருந்தால்தான் விருந்தாளி, விருந்தாளி என்றால்தான் துண்டு, துண்டு இருந்தால்தான் குளம். முதலாளி அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாராம்.

"கட்டில் எனக்கு வேணாம் சார். தரையில படுத்துக்கறேன். குளத்துல இறங்கணும், அவ்வளவுதான்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னை எனக்குத் தெரியாதாம்மா? உனக்காக இல்ல. இன்னைக்கு உன்னை விட்டா நாளைக்கு சிவப்பு பஸ்காரன் கிரீஸ் கையோட குதிப்பான். அப்புறம் யாரு தங்க வருவாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடு. நான் பாக்கல."

"நான் திருட வரல சார்."

"அட, அப்படிச் சொல்லலம்மா..."

"பகல்ல இறங்கணும். எல்லாரும் இருக்கறப்போ. இல்லன்னா வேணாம்."

எனக்குத் தெரிந்த அண்ணி இந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிட்டு வேனைத் துடைக்கப் போகிறவள் இல்லை. ஆனால் என்ன செய்வாள் என்றும் தெரியவில்லை. அவள் தாலிக்கொடி போல எப்போதும் கழுத்தில் தொங்கும் வேன் சாவியைக் கழற்றினாள். அண்ணன் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"உங்களுக்கு ஒரு டிரைவர் வேணும். இதோ இவர்தான். கட்டில் மூணு, ஆள் மூணு. சரியாப் போச்சா?"

மேனேஜர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் வச்சிருக்காரு."

அது உண்மை. அந்த லைசென்ஸை வைத்து அவன் கடைசியாக ஓட்டியபோது பக்கத்துத் தையற்கடையின் பெயர்ப் பலகையை இடித்துத் தள்ளியதும் உண்மை.

அண்ணன் தோளைக் குலுக்கினான். "படுக்கறது எங்க படுத்தா என்ன? நான் டிரைவர்தான். வாங்க, கிச்சன் எங்க இருக்கு?" என்று பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தான். தோற்றதாகவே காட்டிக்கொள்ள மாட்டான், அது ஒரு குணம்.

மதியம் நாங்கள் சாப்பிட்டு வெளியே வந்தபோது வேலிச்செடி ஓரத்தில் பல் குத்திக்கொண்டு நின்றிருந்தான். "உங்களுக்கு ஒரு முட்டையா, ரெண்டு முட்டையா?" என்று என்னைக் கேட்டான்.

"ஒண்ணு."

"எங்களுக்கு ரெண்டு. சமையல்காரர் டிரைவர்னா தனியாக் கவனிக்கறாரு. ஆள் கூட்டிட்டு வரவன் மனசு நோகக்கூடாதாம்." குரலில் அப்படியொரு பெருமை. ஏதோ பிறந்ததிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவன் மாதிரி. "நான் போய் ஒரு தூக்கம் போடறேன்" என்று போனான்.

குளத்தில் அலுவலகத்து ஆட்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணி சொன்னது சரிதான். இடுப்பளவில் நின்று ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி கறுப்பு உடையில், கூந்தலைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு வந்தாள். உடனே இறங்கவில்லை. புது ரோட்டைப் பார்க்கிற மாதிரி குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஆழமான பக்கம் எது, படி எங்கே, எங்கே கூட்டம் என்று பார்த்தாள். பலகைக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள். பிறகு ஆழமான பக்கம் போய், சத்தமே வராமல் உள்ளே போனாள்.

வெகுநேரம் மேலே வரவில்லை. வாலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பாதிக் குளம் தாண்டி ஒரு தலை எழுந்தது. ஒரு கை, இன்னொரு கை. அவசரமே இல்லை. மலையேறுகிற அதே வேகம். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தானாக ஒதுங்கி வழி விட்டார்கள்.

"அத்தை, அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"பாத்துட்டுதான இருக்க."

"எனக்கு யாருமே சொல்லல" என்றாள், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி.

அண்ணி எத்தனை சுற்று போனாளோ, நான் எண்ணவில்லை. கரையைத் தொட்டுத் திரும்பும்போதெல்லாம் முகம் மட்டும் தெரியும். அந்த முகம் நான் அதுவரை பார்க்காதது. சிரிக்கவும் இல்லை, கஷ்டப்படவும் இல்லை. வேலையில் இருக்கிற முகம், ஆனால் யாருக்காகவும் செய்யாத வேலை.

அப்போதுதான் மேலே ஹாரன் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி வந்திருந்தது. தொட்டி இருக்கிற பக்கம் போக வேண்டுமானால் எங்கள் வேன் நகர வேண்டும். வாட்ச்மேன் வேலிக்கு மேலாகக் கத்தினார். "வெள்ளை வேன் டிரைவர். வெள்ளை வேன் டிரைவர் எங்கப்பா?"

அண்ணியின் இரண்டு கைகளும் கரையில் ஊன்றிவிட்டன. உடம்பு பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. அப்படியே நின்றாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு மெதுவாகத் திரும்ப உள்ளே இறங்கினாள்.

"பின்னாடி ரூம்ல தூங்கறாரு, எழுப்புங்க" என்று குரல் கொடுத்தாள்.

வாட்ச்மேன் போனார். ஆனால் அவருக்கு முன்னால் மேனேஜர் வந்துவிட்டார். லாரிக்காரன் நிற்க மாட்டேன் என்கிறானாம். அடுத்த விடுதிக்குப் போய்விட்டால் காலையில் குழாயில் காற்றுதான் வரும்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரு வண்டிய எடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் பள்ளம். ஒரே ஒரு நிமிஷம். ஏறி நகத்திட்டு வந்து மறுபடி இறங்கிக்கோ. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

நியாயமான பேச்சுதான். ஒரு நிமிஷ வேலை. நானாக இருந்தால் ஏறியிருப்பேன். அண்ணி கரையைப் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், இவங்க வந்த பஸ்தான் வழியில நிக்குதுன்னு வைங்க. இந்தக் குளத்துல இருக்கற யாரையாவது ஏறி வரச் சொல்வீங்களா?"

"அதெப்படி? அவங்க டிரைவரக் கூப்பிடுவேன்."

"அப்ப கூப்பிடுங்க."

பக்கத்தில் நின்ற அலுவலகத்து ஆள் ஒருவர் தன் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். மேனேஜர் படியேறிப் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் நடந்ததை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். கதவு திறந்து மூடும் சத்தம். இன்ஜின் கிளம்பி, குலுங்கி, நின்றுபோன சத்தம். மறுபடி கிளம்பியது. சிவப்புப் பஸ் டிரைவர் வேனின் பக்கவாட்டில் தட்டித் தட்டி வழி சொல்ல ஆரம்பித்தார்.

"வா, வா, வா. லெஃப்ட்ல ஒடி. லெஃப்ட் சார். அது ரைட்டு."

"ஒடிச்சிட்டுதான இருக்கேன்."

"வைப்பர ஓட்டாதீங்க சார், மழை எல்லாம் வரல. கியரப் பாருங்க."

கியர் மாறும்போது ஒரு கரகரச் சத்தம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "கிளட்ச முழுசா அமுக்கல" என்று முணுமுணுத்தாள். தண்ணீருக்குள் அவள் இடது கால் தானாக அழுந்துவதைப் பார்த்தேன். அந்த வேன்தான் எங்கள் வீட்டின் சோறு. அதன் ஒவ்வொரு கீறலும் அவளுக்கு எந்த ஊரில் எந்த வளைவில் விழுந்தது என்று தெரியும்.

"பின்னாடி பள்ளம். நில்லு, நில்லு, நில்லு. இப்ப முன்னாடி. மெதுவா. தூண் இருக்கு. சார், தூண்."

கண்ணாடி உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. குளத்தில் இருந்த அத்தனை பேரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, நம்ம வண்டி" என்றாள் வாலு.

"தெரியும்."

"போகலையா?"

அண்ணியின் விரல்கள் கரையின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தன, நகம் வெளுத்திருந்தது. "டிரைவர் இருக்காருல்ல" என்றாள். கையை எடுத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போனாள்.

எதிர்க்கரையில் அவள் எழுந்தபோது லாரி உள்ளே போய்விட்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அண்ணன் வேலிச்செடியைச் சுற்றிக்கொண்டு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே சிவப்புப் பஸ் டிரைவரும் வந்து, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"நகத்திட்டேன்" என்றான் அண்ணன்.

"எது போச்சு?"

"லெஃப்ட் கண்ணாடி. ஓரத்துல கொஞ்சம் பெயிண்ட். பள்ளத்துக்கும் சக்கரத்துக்கும் இவ்வளவுதான் இருந்துச்சு." விரலால் காட்டினான். "இத நீ தினமும் பண்றியா?"

"தினமும் இல்ல. ஞாயித்துக்கிழமை லீவு."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன்ல நாலு பேருன்னு சொல்லியிருக்கணும்" என்றான்.

"ஆமா."

"கீழ டவுன்ல கண்ணாடி கிடைக்குமா? நானே போய் வாங்கி மாட்டிட்டு வந்துடறேன். கண்ணாடி இல்லாம நீ இறக்கத்துல ஓட்ட முடியாது."

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரெண்டாவது கடை. என் பேரச் சொல்லுங்க, சரியானதா எடுத்துக் குடுப்பாரு. வேன்ல போகாதீங்க."

"நான் கூட்டிட்டுப் போறேன்கா, எங்க ஆளுங்க நாளைக்குத்தான் கிளம்புவாங்க" என்றார் சிவப்புப் பஸ்காரர் வேலிக்கு மேலாக. "எங்கள விட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டீங்களே."

"உங்க வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்க கையில சாவியக் குடுத்துட்டு நீங்களும் இறங்குங்க."

"அவ பஸ்ஸையே வித்துடுவா" என்றார் அவர். அலுவலகத்து ஆட்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

வெயில் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் ஏறியது. ஒவ்வொருவராகக் கரையேறி, பல் கிடுகிடுக்க அறைக்கு ஓடினார்கள். வாலுவைத் துவட்டி உட்காரவைத்தேன். அண்ணி மட்டும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகளுக்கு மாலைக் காபியைக் குளத்தடிக்கே கொண்டுவருவார்கள். அன்று தட்டை ஏந்திக்கொண்டு மேனேஜரே வந்தார். எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாவது கோப்பையோடு கரையோரம் போய், அண்ணி திரும்பி வரும்வரை நின்றார்.

"காபிய எங்க வைக்கட்டும்?"

அண்ணி கரையைத் தொட்டு, கண்ணிலிருந்த தண்ணீரை வழித்துக்கொண்டு யோசித்தாள்.

"அந்த நாற்காலியில வைங்க சார். மேல ஒரு தட்டு மூடிடுங்க. எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, சுவரைக் காலால் உதைத்துக்கொண்டு போனாள்.